உளுந்தின் மஞ்சள் தேமல்

மதுக்கரை முதலான கொங்குநாட்டு மானாவாரிக் காடுகளில் உளுந்து விதைத்த குடியானவர்களுக்கு, வெள்ளை ஈ சுமந்துவரும் வைரஸால் இலையெங்கும் மஞ்சள் தேமல் படர்ந்தால், செடியைப் பிடுங்கி எறிவதே பழைய உபாயமாயிருந்தது. ஆயினும் செடிக்கென்றே ஓர் அந்தரங்கக் காவல் உண்டென்பதை, 1999-இல் இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் ஹாமில்டனும் பால்கோமும் கண்ட சிற்றளவு ஆர்.என்.ஏ.க்கள் புலப்படுத்தின. அந்நிய மரபணுவின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைச் செடியின் நொதி இருபத்தொன்று முதல் இருபத்துநான்கு எழுத்துக்கள் கொண்ட துண்டுகளாக நறுக்க, அத்துண்டுகளே பகைவனின் அங்க அடையாளங்களாகி, ஒத்த வரிசையுடைய மரபணுவைத் தேடிப் பிடித்து மௌனமாக்குகின்றன. என்னே இயற்கையின் நுட்பம்! 2003-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து வேலுத்தம்பியும் சிவப்பிரசாதும், சுவிட்சர்லாந்தின் பூகின், ஹோன் ஆகியோருடன் கூடி, வைரஸின் மரபணுப் பகுதியொன்றிலிருந்தே இரட்டை இழையை உண்டாக்கும் டி.என்.ஏ.யைச் செலுத்த, நோயுற்ற உளுந்துச் செடிகள் தேறிப் பச்சையிலை விட்டன.