கல்லறைச் சட்டத்தால் பெயர்ந்த சிலை: டாலின் நகரின் வெண்கல வீரன்

எஸ்தோனியத் தலைநகர் டாலினில் 2007 ஏப்ரலில் ஒரு போர் நினைவுச் சின்னம் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதையொட்டி மூண்ட கலவரமும் இணையத் தாக்குதலும் உலகறிந்தவை. பெயர்ப்புக்கு வழிவகுத்த சட்டம் அந்த அளவு பேசப்படவில்லை. சிலை வரலாற்றின் முக்கியத் திருப்பம் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

செஞ்சேனை 1944 செப்டம்பர் 22 அன்று டாலினுக்குள் நுழைந்தபோது ஜெர்மானியப் படை பின்வாங்கியிருந்தது. ஓட்டோ டீஃப் தலைமையில் எஸ்தோனியர் தமக்கென ஓர் அரசை அறிவித்திருந்தார்கள். வந்தவர்கள் விடுவித்தவர்களா, ஆக்கிரமித்தவர்களா என்ற வழக்கு அன்றே தொடங்கியது. மறு ஆண்டு சோவியத் வீரர்கள் சிலர் டோனிஸ்மேகி சதுக்கத்தில் புதைக்கப்பட்டனர். அங்கிருந்த மரச் சின்னத்தை 1946இல் பள்ளிச் சிறுமிகள் இருவர் வெடிவைத்துத் தகர்த்தனர். அதன்பின், 1947இல், சிற்பி என் ரோஸ் வடித்த வெண்கல வீரன் அங்கே எழுந்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்து, தலை தாழ்த்தி நிற்கும் உருவம். வெற்றிச் சின்னமாக நிறுவப்பட்டாலும் அதன் முகத்தில் இருப்பது துக்கம்தான்.

1991இல் நாடு விடுதலை மீட்ட பிறகு சின்னத்தின் வாசகத்தை மாற்றிப் பார்த்தார்கள், பகை ஆறவில்லை. சோவியத் வெற்றி நாளான மே 9தோறும் ரஷ்ய மொழியினர் அங்கே பூ வைத்தனர். எஸ்தோனியர் பலருக்கு அது சோவியத் கால நாடுகடத்தல்களை நினைவூட்டியது. சதுக்கமோ நகராட்சி வசம். எட்கர் சவிசாரின் கட்சி நடத்திய நகர நிர்வாகம் சிலையைத் தொட மறுத்தது. பிரதமர் அன்ட்ரஸ் அன்சிப் நாடாளுமன்றத்தை நாடினார்.

2007 ஜனவரியில் போர்க் கல்லறைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, பூங்கா போன்ற பொருந்தாத இடங்களில் கிடக்கும் போர்வீரர் எச்சங்களை அகழ்ந்து முறையான இடுகாட்டில் அடக்கம் செய்யலாம். கல்லறைக்குரிய சின்னமும் உடன் செல்லும். நம் மரபில் சொல்வதானால், நடுகல்லாக, வெறும் நினைவுக் கல்லாக, நின்றதைச் சட்டம் பள்ளிப்படையாக, புதைகுழிமேல் எழும் சின்னமாக, ஆக்கியது. சதுக்கத்துப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கிடந்த எலும்புகளே சிலையை நகர்த்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தன. சாதுரியமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. நேர்மையானதா என்பது வேறு கேள்வி.

நேர்வழியும் முயலப்பட்டது. ஆக்கிரமிப்பைப் போற்றும் கட்டுமானங்களைத் தடைசெய்யும் இன்னொரு மசோதா பிப்ரவரியில் 46க்கு 44 என்ற வாக்கில் தேறியது. அரசமைப்புக்கு முரணானது என்று குடியரசுத் தலைவர் இல்வெஸ் கையெழுத்திட மறுத்தார். கல்லறைச் சட்டம் மட்டுமே எஞ்சியது.

அகழ்வுக்காக ஏப்ரல் 26 காலையில் சதுக்கம் அடைக்கப்பட்டது. இரவு கலவரம் மூண்டது. ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். விடியுமுன் சிலையை உடனே அகற்ற அரசு முடிவெடுத்தது. நான்கு நாட்களுக்குள் அது பாதுகாப்புப் படைகளின் இடுகாட்டில் நின்றது. சதுக்கத்தில் 12 பேரின் எச்சங்கள் கிடைத்தன. உறவினர் கேட்டவை அவர்களிடம் ஒப்படைக்கப்பட, மற்றவை ஜூலையில் புதிய இடத்தில் அடக்கமாயின. ஆக, சிலை முதலில் போனது, எலும்புகள் பின்னால் வந்தன. சட்டத்தின் தர்க்கப்படி வரிசை தலைகீழ்.

2022இல் நார்வா நகரில் சோவியத் நினைவுச் சின்னமாக நின்ற டி-34 டாங்கி அகற்றப்பட்டபோது பழைய விவாதம் திரும்பியது. சோவியத் சின்னங்களைப் பொதுவெளியிலிருந்து நீக்கும் சட்டத் திருத்தம் 2023இல் நிறைவேற, குடியரசுத் தலைவர் அலார் காரிஸ் அதற்கு ஒப்புதல் தரவில்லை.