கோடை வெயிலில் தோட்டத்து நாய்களுக்கு வீட்டிலேயே ஐஸ் உணவு தயாரிப்பது எப்படி?

கோடையில் ஆடு, மாடுகளுக்குத் தண்ணீரும் நிழலும் பார்த்துச் செய்யும் விவசாயிகள் பலர், காவல் நாயைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் பெரும்பாலும் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால், குறைந்த செலவில் அதற்குக் குளிர்ச்சியான உணவு தயாரிக்கலாம்.

தயாரிக்கும் முறை

1. தயிர் - வாழைப்பழம்: ஒரு கப் புளிக்காத தயிருடன் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துக் கலக்கவும். உப்பு, சர்க்கரை சேர்க்கக் கூடாது.

2. தர்பூசணி: விதையையும் பச்சைத் தோலையும் நீக்கி, சதைப் பகுதியை மட்டும் மசித்துக்கொள்ளவும்.

3. கோழிச்சாறு: கோழிக்கறியைத் தண்ணீரில் மட்டும் வேகவைத்து, வடிகட்டி, ஆறியதும் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிடவும். வெந்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அதைப் போடக் கூடாது.

இவற்றில் ஏதேனும் ஒன்றை ஐஸ் தட்டிலோ தட்டையான கிண்ணத்திலோ ஊற்றி 5 முதல் 6 மணி நேரம் உறைய வைக்கவும்.

கொடுக்கும் முறை

* பெரிய கட்டியைக் கடித்தால் பல் உடையலாம். அப்படியே விழுங்கினால் தொண்டையில் அடைக்கலாம். எனவே நொறுக்கிக் கொடுக்கவும்.
* சிறிய நாய்க்கு ஒரு துண்டு, ராஜபாளையம் போன்ற பெரிய நாய்க்கு இரண்டு, மூன்று துண்டுகள் போதும். இது தினசரி உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.
* முதல் நாள் சிறிதளவே கொடுங்கள். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் நிறுத்திவிடவும்.
* உருகி மீதமானதைக் கொட்டிவிடவும்.
* பூச்சிமருந்து கலந்த வாளி, டப்பாக்களை நாயின் உணவுக்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தக் கூடாது.

கொடுக்கக் கூடாதவை

திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். கம்பம் பள்ளத்தாக்கு போன்ற திராட்சைப் பகுதி விவசாயிகள், பந்தலின் கீழ் உதிர்ந்த பழங்களை நாய் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட் நஞ்சாகும். சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் உயிருக்கே ஆபத்து. கடை ஐஸ்கிரீமையும் உப்பு, மிளகாய் போட்ட மோரையும் தவிர்க்கவும்.

வெப்ப அயர்ச்சி வந்தால்

ஐஸ் உணவு சூட்டைத் தணிக்க உதவுமே தவிர, வெப்ப அயர்ச்சிக்கு மருந்தாகாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். இது 104-ஐத் தாண்டினால் ஆபத்து. இடைவிடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு நன்கு சிவத்தல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள்.

உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறவும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீரோ ஐஸோ திணிக்கக் கூடாது. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பகலில் நாயைத் தகரக் கொட்டகையில் கட்டாமல், வேம்பு, புங்கன் போன்ற மர நிழலில் கட்டுங்கள். சங்கிலி எட்டும் தூரத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.