குவளையின் விலையும் அனுப்பர்பாளையமும்

கொங்கு நாட்டு நெடுஞ்சாலைகளிலும் திருப்பூர் நகரத்திலும் அண்மைக் காலத்தில் புதிய பாணித் தேநீர்க் கடைகளும் காப்பிக் கடைகளும் தோன்றியுள்ளன. அவற்றில் பானம் பளபளக்கும் பித்தளை டவரா டம்ளரிலோ, மண் குவளையிலோ, வேலைப்பாடு மிகுந்த பீங்கான் கோப்பையிலோ வந்து சேர்கிறது. குடித்துவிட்டுப் பணம் செலுத்தப் போகிறவரின் கண்ணில் படும்படி அதே பாத்திரங்கள் கண்ணாடி அலமாரியில் விலைக்கு அடுக்கி வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. சாதாரணப் பாத்திரக் கடையில் கேட்கும் விலையைவிட அங்கே விலை அதிகம். அந்த விலையைக் கொடுத்து வாங்குவது விவேகமா என்ற கேள்வி இன்று பல நடுத்தரக் குடும்பங்களில் எழுகிறது. என் அபிப்பிராயத்தில், அதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் உள்ள அனுப்பர்பாளையத்தின் சரித்திரமே போதுமானது.

பின்னலாடையால் உலகப் பிரசித்தி பெற்ற திருப்பூரில், பாத்திரத்தால் பெயர் பெற்ற பகுதி அனுப்பர்பாளையம். அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பட்டறைகள் குடிசைத் தொழிலாகவே வளர்ந்தன. இங்கிருந்து கிழக்கே, திருப்பூர் வழியே ஓடும் அதே நொய்யல் நதியின் கரையில் இருக்கும் கொடுமணலில், அகழ்வாராய்ச்சியாளர்கள் இரும்பும் எஃகும் செய்த உலைகளையும், மணிகள் இழைத்த செம்புப் புலி உருவம் ஒன்றையும் கண்டெடுத்தார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த வினைஞர்களுக்கும் இன்றைய பட்டறைக்காரர்களுக்கும் நேரான வமிசத் தொடர்பைக் கற்பிக்க நான் முற்படவில்லை. ஆயினும் உலோகத்தை நெருப்பால் வசப்படுத்தும் வித்தை இந்த நதிக்கரைக்குப் புதிதன்று என்பதை எண்ணும்போது உள்ளம் மகிழாதிருக்க முடியவில்லை.

ஒரு பித்தளைக் குடம் உருவாகும் விதத்தைப் பார்த்தவர் அதன் விலையைப் பற்றி அவசரமாகப் பேசமாட்டார். தகட்டை வட்டமாக வெட்டி, உலையிலிட்டுக் காய்ச்சி, சுத்தியலால் தட்டித் தட்டிக் குழிவாக்கி, அடிப்பாகத்தையும் மேற்பாகத்தையும் கழுத்தையும் தனித்தனியே செய்து, அவற்றைப் பற்றவைத்து ஒன்றாக்கி, கடைசல் பிடித்து, மெருகேற்றிய பிறகே அது கடைக்கு வருகிறது. இவ்வளவு பேருடைய உழைப்பு சேர்ந்தும், அந்தப் பாத்திரம் காலங்காலமாகத் தராசில் நிறுத்தே விற்கப்பட்டது. உலோகத்துக்கு ஒரு விலை, அதன்மேல் வேலைக்கு ஒரு கூலி. இந்த இரண்டுக்கும் அப்பால் வேறொன்றுக்கு வாங்குபவர் பணம் கொடுத்ததில்லை. மகளுக்குச் சீராகக் கொடுத்த அண்டாவும் தவலையும் குத்துவிளக்கும், மழை பொய்த்த ஆண்டில் அடகுக் கடைக்குப் போய்க் குடும்பத்தின் மானத்தைக் காத்தன. நசுங்கி ஓட்டையான பிறகும் பழம்பித்தளை என்ற கணக்கில், சேதாரம் கழித்துப் புதுப் பாத்திரத்துக்கு மாற்றாயின. பாத்திரம் என்பது அக்காலத்தில் கரையாத சேமிப்பு.

நிற்க. பித்தளைக்கு ஒரு தோஷம் உண்டு. புளிப்புப் பட்டால் களிம்பேறும். அதைத் தடுக்க உட்புறம் வெள்ளீயம் பூசினார்கள். ஈயம் பூசுகிறவர் தெருவிலே வந்து மண்ணில் குழி தோண்டி, துருத்தி வைத்து ஊதி, பாத்திரத்தைக் கரிநெருப்பில் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை ஓர் இழுப்பு இழுத்துத் துணிச்சுருளால் தேய்த்த அடுத்த கணமே, கறுத்துக் கிடந்த உட்புறம் வெள்ளிபோல் ஒளிரும். வெள்ளீயம் 232 பாகை சென்டிகிரேடில் உருகும் உலோகமாதலால், வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் பூச்சு ஓடிவிடும் என்பது பாட்டிமார் அறிந்த சாஸ்திரம். எவர்சில்வர் வீடுகளில் புகுந்ததும் இந்தப் பரிபாலனம் தேவையற்றதாகி, பித்தளை பரணுக்கு ஏறிற்று. பட்டறைக்காரர் பிள்ளைகளில் பலர் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள்.

தேநீரோ இந்தப் பாத்திரங்களுக்கு மிகவும் பின்னால் வந்த விருந்தாளி. அண்டையிலுள்ள நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேயிலை பயிராயிற்று எனினும், அதன் சந்தை சீமையில் இருந்தது. கொங்குக் குடியானவர் கம்பங்கூழும் நீராகாரமும் மோருமே குடித்தார். 1903-ல் தேயிலை வரிச் சட்டம் பிறந்து, அந்த வரிப்பணத்தைக் கொண்டு நாட்டுக்குள்ளேயே தேநீரைப் பரப்பும் பிரசாரம் தொடங்கியது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டு விலை வீழ்ந்தபோது அந்தப் பிரசாரம் தீவிரமடைந்தது. பிரசாரகர்கள் ஊர் ஊராகச் சென்று, தயாரிக்கும் முறையைச் செய்து காட்டி, இலவசமாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். ஆலைகளும் அவர்களுடைய இலக்காயின. பின்னர் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரம் பரவி, பாலும் சர்க்கரையும் தாங்கும் கடும் சாறுள்ள தூள் மலிவாகக் கிடைத்தது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் தையல்காரரும் கட்டிங் மாஸ்டரும் இடைவேளையில் நாடுவது பாய்லர் கொதிக்கும் கடையையே. அங்கே பாத்திரம் கண்ணாடி டம்ளர்: மலிவானது, ஈயப் பூச்சு வேண்டாதது, கழுவி உடனே அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடியது.

அடுத்தவருக்குக் கொடுப்பது என்ற இந்தச் சொல்லில் ஒரு பெரும் வேதனை மறைந்திருக்கிறது. குவளையின் சரித்திரம் எழுதப் புகுந்தவர் அதை விட்டுவிடுதல் நியாயமன்று. கொங்கு நாட்டுக் கிராமத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை இருந்தது. அருந்ததியர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி டம்ளர். சில இடங்களில் கொட்டாங்குச்சி. குடித்தவரே கழுவி வைக்கவும் வேண்டும். பொதுவான உணவு விடுதிகளிலுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பிறகும், பல ஊர்களில் அந்த வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. தோட்டத்து வேலையை விட்டுத் திருப்பூருக்கு வந்து, யார் என்று கேளாத ஒரு கடையில் எல்லோருக்கும் ஊற்றிய டம்ளரிலேயே தேநீர் குடித்த மனிதருக்கு, அந்தக் கண்ணாடி டம்ளரின் மதிப்பை எந்த அலமாரிச் சீட்டும் சொல்லிவிட முடியாது. தேநீர்ப் பாத்திரங்களுள் உயர்ந்தது எது என்று என்னைக் கேட்டால், தயக்கமின்றி அதையே சொல்வேன்.

பாத்திரத்தின் மீது உலோகமும் உழைப்பும் அல்லாத மூன்றாவது விலை ஒன்று ஏறுவதும் உலகத்துக்குப் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில், லூசோன் தீவிலிருந்து வந்த சாதாரணச் சேமிப்பு ஜாடிகள், தேயிலை வைக்க உகந்தவை என்று தேநீர்ச் சடங்கின் ரசிகர்கள் கொண்டாடியதால், பிரபுக்கள் பெரும் பொருள் கொடுத்து வாங்கும் வஸ்துக்களாயின. 1594-ல் சக்காய் நகரத்து வணிகர் ஒருவர் அப்படிப்பட்ட ஜாடிகளை அதிபதி ஹிதேயோஷியிடம் கொண்டு சேர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். லூசோனில் அவை வெறும் புழக்கப் பாத்திரங்களே. ரசனைக்கும் கௌரவத்துக்கும் பணம் தருவதை நான் பாவமென்று கருதவில்லை. ஆனால் தருகிறவர் எதற்குத் தருகிறோம் என்பதை அறிந்து தர வேண்டும்.

ஆகையால் புதுக் கடையின் அலமாரி முன் நிற்பவர் முதலில் அந்த டம்ளரை நிறுத்துப் பார்க்கக் கேட்கட்டும். நிறைக்குரிய பித்தளை விலையையும் நியாயமான கூலியையும் கழித்தபின் எஞ்சுவது கடையின் பெயருக்கான விலை. அது சிறிதாயின் வாங்கலாம், பெரும்பங்காயின் வேண்டாம். காந்தம் ஒட்டிக்கொண்டால், உள்ளே இருப்பது இரும்பு. மேலே பித்தளை முலாம் மட்டுமே. உட்புறத்தில் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கிறதா, பளபளப்புக்காக வார்னிஷ் அடித்த அலங்காரப் பொருளா என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். காரீயம் கலந்த மலிவுப் பூச்சு உடலுக்குக் கேடு. எலுமிச்சைத் தேநீர் குடிக்கும் வழக்கமுள்ளவர் பூச்சற்ற பித்தளையைத் தொடவே கூடாது. பீங்கான் கோப்பைக்கு உடைந்தபின் மதிப்பில்லை என்பதால், அதற்குக் கொடுக்கும் பணம் முழுவதையும் செலவாகவே கணக்கிட வேண்டும். அழகுக்காக அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் தாராளமாகச் செய்யட்டும்.

அனுப்பர்பாளையத்தில் கூலி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் பாத்திரத் தொழிலாளர் சங்கங்கள் கோரிக்கை வைப்பதும், பேச்சுவார்த்தை முறிந்தால் பட்டறைகள் வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடப்பதும் இன்றளவும் நடக்கின்றன. அலமாரி விலைக்கும் அந்தக் கூலிக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணும்போது, அதே பணத்தோடு அவிநாசி சாலையில் போய்ப் பட்டறைக்காரரிடமே டம்ளரை நிறுத்து வாங்கி, பூச்சு தேய்ந்த நாளில் மறுபடி ஈயம் பூச எங்கே வரலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டு திரும்புவதே மேல் என்று தோன்றுகிறது.