வீட்டுக் கிணற்று நீர்ப் பரிசோதனை

சொந்தக் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்றின் நீர் குடிக்க ஏற்றதா என்பதை வீட்டிலேயே முதற்கட்டமாக அறியும் முறை. நீரின் தெளிவும் சுவையும் இதற்குச் சான்றாகா. தருமபுரி மாவட்டத்தில் பற்களைப் பழுப்பாக்கி எலும்புகளைப் பாதித்த புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை; உரத்திலிருந்தும் கழிவுக்குழியிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டும் அப்படியே. இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 (2012) புளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் (மாற்று நீர் இல்லாவிடில் 1.5), நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் என வரம்பிடுகிறது; 100 மில்லிலிட்டரில் மலக்கலப்பைக் காட்டும் ஈ. கோலை கிருமி இருக்கவே கூடாது.

டிடிஎஸ் மீட்டரே போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது கரைந்த உப்புகளின் மொத்தத்தை மதிப்பிடுமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது. கிருமியை அறியவே அறியாது. மலக்கலப்பைக் கண்டறிய எச்2எஸ் குப்பி உதவும்: கோடுவரை நீர் நிரப்பி மூடி வைத்து, 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் அது எச்சரிக்கை. புளோரைடையும் நைட்ரேட்டையும் அறிய, நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் கருவிப்பெட்டி உண்டு; அது துல்லியமற்றது என்ற மறுப்பு நியாயமே. ஆயினும் அது சல்லடை, தீர்ப்பன்று. ஐயமெழுந்தால் ஆய்வகத்தை நாட வேண்டும். தலைமுறையாகக் குடிக்கிறோம் என்பதும் விடையாகாது: நீர்மட்டம் இறங்கி ஆழ்துளை நீளும்போது வேறு பாறையின் நீர் குடத்துக்கு வருகிறது. மழைக்கு முன்னும் பின்னும் சோதிப்பதே குடும்பத்துக்குக் காவல்.