கடவுளின் சாயல்

கடவுளின் சாயல் என்பது, மனிதர் ஒவ்வொருவரும் கடவுளை ஒத்தவராகப் படைக்கப்பட்டுள்ளனர் என்னும் யூத, கிறித்தவக் கோட்பாடு. தமிழ்க் கிறித்தவர் இதனைத் தேவசாயல், இறைச்சாயல் என்றும் வழங்குவர். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் இதற்கு மூலம். சாயல் ஆண், பெண் இருவருக்கும் பொது என்று அங்கேயே கூறப்படுகிறது. அந்நூலின் 9ஆம் அதிகாரம் கொலையை விலக்கவும், யாக்கோபு நிருபத்தின் 3ஆம் அதிகாரம் பிறரைச் சபிப்பதைக் கண்டிக்கவும் இச்சாயலையே காரணம் காட்டுகின்றன.

விளக்கங்கள்

பண்டைய எகிப்திலும் மெசப்பொத்தேமியாவிலும் அரசனே தெய்வத்தின் உருவமாகப் போற்றப்பட்டான். அரசனுக்கு இருந்த அச்சிறப்பை ஆதியாகமம் மனிதர் எல்லோருக்கும் உரியதாக்கியது. சாயல் மனிதரிடம் எதில் உள்ளது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அகுஸ்தீன் நினைவு, அறிவு, விருப்பம் ஆகிய மூன்றிலும் திரித்துவத்தின் தடத்தைக் கண்டார். தாமஸ் அக்குவினாஸ் அறிவாற்றலை முதன்மையாக்கினார். 20ஆம் நூற்றாண்டில் கார்ல் பார்த், மனிதர் கடவுளோடும் ஒருவர் மற்றவரோடும் கொள்ளும் உறவில் சாயலைக் கண்டார். அறிவாற்றலையே அளவுகோலாகக் கொண்டால் கைக்குழந்தைகளும் மனவளர்ச்சி குன்றியோரும் குறைந்த சாயல் உடையவராகிவிடுவர் என்பது பழைய விளக்கத்தின்மீது வைக்கப்படும் முக்கிய மறுப்பு.

சேலம், நாமக்கல் பகுதியில்

இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி 1623இல் சேந்தமங்கலம், சேலம் ஆகிய இடங்களுக்கு வந்து சமயப் பணி செய்தார். ஆன்மாவின் இயல்பைப் பற்றி அவர் தமிழ் உரைநடையில் எழுதிய நூல் ஆத்தும நிருணயம்.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இப்பகுதியில் கோட்பாட்டின் கவனம் உடலின்மீது திரும்பியது. ஆங்கிலேய மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர் 1913இல் சமவெளியிலிருந்து கொல்லிமலைக்குக் குடியேறினர். மருத்துவமனை எட்டாத அம்மலையில் ஜெஸ்ஸி நரம்புச் சிலந்திக்கும் புண்களுக்கும் சிகிச்சை அளித்தார், பள்ளிகளைத் தொடங்கினார். 1929இல் காய்ச்சலால் அங்கேயே இறந்தார்.

கொல்லிமலையில் வளர்ந்த இவர்களின் மகன் பால் பிராண்ட் (1914–2003), 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவரானார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது அதன் பிடி வலுவாக இருப்பதை உணர்ந்தார். செயலிழக்காத தசைகளின் நாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, அத்தகைய கைகளை மீண்டும் இயங்கச் செய்தார். விரல்கள் அழிவது சதை தானாக அழுகுவதால் அன்று, வலி உணர்வு போனபின் கவனியாமல் விடப்படும் காயங்களால் என்றும் அவரும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். பிச்சையெடுத்து வாழ்ந்த நோயாளிகளுக்குக் கை நேரானபின் பிச்சை குறைந்தது, முகத்தில் நோயின் அடையாளம் இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. அதனால் மூக்கையும் புருவத்தையும் சீரமைப்பதும் தொழில் கற்பிப்பதும் சிகிச்சையோடு சேர்ந்தன.

இந்த மருத்துவ அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து, கடவுளின் சாயலையே தலைப்பாகக் கொண்ட ஆங்கில நூலை 1984இல் அவர் வெளியிட்டார். குருதி, தலை, மூச்சு, வலி எனப் பகுதி பகுதியாக மனித உடலை விளக்கி, அதன் வழியே இறையியலைப் பேசும் நூல் அது.

மதிப்பீடு

சாயலை அறிவிலும் ஆன்மாவிலும் தேடிய நீண்ட மரபில், ஊரார் ஒதுக்கிய உடல்களை முன்வைத்து அதைப் பேசியது பிராண்டின் தனித்தன்மை. சாயல் எதில் உள்ளது என்ற விவாதத்தை அவர் எழுத்து முடித்துவைக்கவில்லை. ஆயினும் முகமும் கையும் சிதைந்தவரிடத்திலும் அது குறைவதில்லை என்ற கருத்துக்கு அவருடைய அறுவை மருத்துவம் வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது.