இரண்டு மருந்துகள்

சிவகாசிப் பேச்சில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றதைப் பலரும் எழுதிவிட்டனர்; தீக்காயம் பட்டோரின் பின்வாழ்வை எழுதியோர் குறைவு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்து என்றதும் இறந்தோரே நினைவுக்கு வருகின்றனர். பிழைத்தவருக்கோ தோல் ஆறிய பின்னும் நரம்பு எரியலாம். அதற்குத் தரப்படும் மாத்திரைகள் வேறு நோய்களுக்காகப் பிறந்தவை: 1961இல் வந்த அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு, 1993இல் அமெரிக்க அனுமதி பெற்ற கபாபென்டின் வலிப்புக்கு. எரிச்சலைத் தணிக்கும், எல்லோருக்கும் அல்ல. தலைசுற்றலும் பகலுறக்கமும் உடன்வரும். எழுத்தர் மேசையில் அது வெறும் அசதி. உராய்ந்தால் பற்றும் மருந்தைக் குழாயில் செலுத்தும் அறையில்? வேலைநாளில் மட்டும் விட்டுவிடலாமே என்றால், இவற்றைத் திடீரென நிறுத்துவதும் ஆகாது.