சோறு போட்ட பள்ளிக்கூடம்

கடலூர்ப் பக்கம் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதென்ன 'குண்டு'? பீரங்கிக் குண்டேதான்! 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. சுட்டார்கள். அந்த எல்லைக்குள் வந்ததெல்லாம் 'குண்டு கிராமம்' ஆனது.

27 வருடம் கழித்து அதே கடலூருக்கு இன்னொன்று வந்தது. இலவசப் பள்ளிக்கூடம்.

கொண்டுவந்தவர் சீகன்பால்கு. ஜெர்மன்காரர். டென்மார்க் ராஜா அனுப்பி, 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார். மறு வருடமே அங்கே பள்ளி ஆரம்பித்துவிட்டார். ஆனால் பிள்ளைகள் வரவேண்டுமே? ஏழை வீட்டில் ஏழு வயதுப் பையன் என்றால் மாடு மேய்க்கிற ஆள். அவனைச் சும்மா அனுப்பு என்றால் எந்த அப்பா அனுப்புவார்? ஆகவே சோறும் துணியும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். ஜெர்மனியில் ஹாலே நகரத்து அநாதை இல்லம்தான் இதற்கெல்லாம் மாடல்.

1717-ல் சென்னை கவர்னர் ஜோசப் காலெட் தலையசைத்தார். தரங்கம்பாடியிலிருந்து சீர்காழி, சிதம்பரம் தாண்டி, கடலூருக்கும் தர்மப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. லண்டனில் ஒரு கிறிஸ்தவச் சங்கம் நன்கொடை திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தது.

சரி, எல்லாம் சுபமா? இல்லை. கோட்டையை நம்பி நடந்த பள்ளி அது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தார். 18 வருடமாகக் கடலூரில் இருந்த கியர்நாண்டர் என்ற ஸ்வீடன் பாதிரியார் கல்கத்தாவுக்குக் கிளம்பிப் போனார். போன வருடமே அங்கே ஒரு பள்ளி தொடங்கிவிட்டார் மனிதர்! கடலூரின் நஷ்டம், கல்கத்தாவின் லாபம்.

இன்னொரு சிக்கல் உண்டு. சோறு, துணி, எழுத்து... இவற்றோடு வேதமும் சேர்ந்தே வந்தது. வேண்டாம் என்றால்?

அதற்குப் பதில் வெகுகாலம் கழித்து, திண்டிவனத்தில் கிடைக்கிறது. அங்கே அமெரிக்க மிஷன் பள்ளியில் முனுசாமி என்றொரு தலித் மாணவன். கெட்டிக்காரன். மதம் மாற அவன் சம்மதிக்கவில்லை. படிப்பு அதோடு நின்றது.

அந்தப் பையன்தான் பிற்பாடு சுவாமி சகஜானந்தர்! சிதம்பரம் வந்தார். 1916-ல் நந்தனார் கல்விக் கழகம் ஆரம்பித்தார். கோயிலுக்குள் நுழைய முடியாத சேரிப் பிள்ளைகளுக்கு, அதே கோயில் ஊரில் படிப்பு. நந்தனார் பெயரில் பள்ளி இன்றைக்கும் அங்கே நடக்கிறது.

பாதிரிமார்களை வில்லனாக்கினால் கணக்கு தப்பிவிடும். ஊர்க்காரர்கள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் முனுசாமிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது மிஷன்தானே? நிபந்தனை போட்டதும் அதே மிஷன்தான். வரவு, செலவு இரண்டையும் எழுத வேண்டும்.

தேவனாம்பட்டினம் கோட்டை இப்போது சில இடிந்த சுவர்கள்தான். நந்தனார் பள்ளியில் மணி அடிக்கிறது.